முன் போர்க்கில் எண்ணெய் கசிகிறதா?

(பண்ணைக் கருவிகள் பராமரிப்புப் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



டிராக்டர், பவர் டில்லர், பம்புசெட் ஆகியவற்றைப் பற்றிப் பேசும் இவ்வகுப்பில் மோட்டார் சைக்கிளுக்கு என்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கலாம். ஆனால் சிறு விவசாயி ஒருவரிடம் சொந்தமாக உள்ள எந்திரம் பெரும்பாலும் எது? டிராக்டரை மணிக்கணக்கில் வாடகைக்கு அமர்த்துகிறோம். அறுவடை எந்திரமும் அப்படியே. வாசலில் நிற்பது மோட்டார் சைக்கிள் ஒன்றுதான். விடியுமுன் பால் கேனைச் சங்கத்துக்குக் கொண்டு போவதும், உர மூட்டையையும் புல்லுக் கட்டையும் சுமப்பதும் அதுவே. ஆகவே அதையும் ஒரு பண்ணைக் கருவி என்றே கொள்ள வேண்டும்.

அந்த வண்டியில் பலரும் கண்டும் காணாமல் விட்டுவிடும் ஒரு பழுதைப் பற்றி இன்று பேசுகிறேன். முன் சக்கரத்தின் இரு பக்கமும் நிற்கும் போர்க்கிலிருந்து எண்ணெய் கசிவதுதான் அது. முன் ஷாக் என்றும் இதைச் சொல்வார்கள். "இரண்டு சொட்டு எண்ணெய்தானே, வண்டி ஓடுகிறதே" என்று விட்டுவிடுகிறோம். அந்த இரண்டு சொட்டு எங்கே போய்ச் சேருகிறது என்று தெரிந்தால் அப்படி விடமாட்டோம்.

போர்க்கின் அமைப்பு

போர்க்கின் ஒவ்வொரு காலும் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரு குழாய்களால் ஆனது. மேலே குரோம் பூசிப் பளபளக்கும் எஃகுக் குழாயைப் போர்க் பைப் என்பார்கள். அது கீழே உள்ள அலுமினிய உறைக்குள் ஏறி இறங்குகிறது. அந்த உறைக்குப் பாட்டம் கேஸ் என்று பெயர். உள்ளே நீண்ட ஸ்பிரிங் ஒன்றும், குறிப்பிட்ட அளவு எண்ணெயும் இருக்கின்றன. பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறும்போது ஸ்பிரிங் அதிர்ச்சியைத் தாங்குகிறது. ஸ்பிரிங் மட்டும் இருந்தால் வண்டி குதித்துக்கொண்டே போகும். எண்ணெய் சிறு துளைகளின் வழியே நெருக்கிப் பாய்வதால்தான் அந்தக் குதிப்பு அடங்குகிறது. 1935ஆம் ஆண்டு ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் தன் ஆர் 12 வண்டியில் எண்ணெயால் அதிர்வைத் தணிக்கும் இவ்வகைப் போர்க்கைப் பொருத்தி விற்றது. இன்று நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் 100 சிசி வண்டிகளிலும் அடிப்படை அமைப்பு அதுவே.

பாட்டம் கேஸின் வாயில், பைப்பைச் சுற்றி இறுக்கமாக உட்கார்ந்திருப்பது ஆயில் சீல். இரும்பு வளையத்தின் மேல் ரப்பர் வார்த்துச் செய்தது இது. இதன் உட்புறத்தில் மெல்லிய உதடு ஒன்று உண்டு. அந்த உதட்டைப் பைப்போடு அணைத்துப் பிடிக்க மயிர் போன்ற சிறு ஸ்பிரிங் வளையம் ஒன்று சுற்றியிருக்கும். இதற்கு மேலே புழுதியைத் தடுக்க டஸ்ட் சீல் உள்ளது.

பம்பின் கிளாண்டில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வருவது நல்லது என்பது உங்களுக்குத் தெரியும். அப்போதுதான் கிளாண்ட் கயிறு சூடாகிக் கருகாது. ஆயில் சீலுக்கு இது பொருந்தாது. பைப்பில் கண்ணுக்குத் தெரியாத ஈரப் படலம் மட்டுமே இருக்கலாம். எண்ணெய் வளையமாகத் தெரிந்தாலோ, கீழே வழிந்தாலோ சீல் தன் வேலையைச் செய்யவில்லை என்று பொருள்.

கசிவினால் வரும் கேடு

வழியும் எண்ணெய் பாட்டம் கேஸ் வழியாக ஆக்ஸிலுக்கு இறங்குகிறது. அங்கே இருப்பது முன் பிரேக். டிரம் பிரேக்கில் எண்ணெய் உள்ளே புகுந்து பிரேக் ஷூவில் ஊறிவிடும். டிஸ்க் பிரேக்கில் தகட்டிலும் பேடிலும் படியும். இரண்டும் ஒன்றுதான்: பிரேக் பிடிக்காது.

"நான் கால் பிரேக் மட்டுமே போடுகிறேன்" என்று சொல்பவர்கள் உண்டு. வேகத்தைக் குறைக்கும்போது வண்டியின் பாரம் முன்னே சாய்கிறது. பின் சக்கரம் இலேசாகிறது. எனவே வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும் பங்கு முன் பிரேக்குக்கே உரியது. அதுமட்டுமல்ல, 2019 ஏப்ரல் முதல் விற்கப்படும் 125 சிசி வரையிலான புது வண்டிகளில் சிபிஎஸ் அல்லது ஏபிஎஸ் கட்டாயமாக்கப்பட்டது. சிபிஎஸ் உள்ள வண்டியில் கால் பிரேக்கை மிதித்தாலே முன் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும். அது எண்ணெயில் ஊறியிருந்தால், நீங்கள் எதிர்பார்த்த இடத்தில் வண்டி நிற்காது. பின்னால் 45 கிலோ யூரியா மூட்டையும் இருந்தால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

மற்றொரு கேடும் உண்டு. ஒரு காலில் எண்ணெய் குறைந்துவிட்டால் இரு கால்களும் ஒரே மாதிரி இயங்கா. பள்ளத்தில் போர்க் அடியில் 'டொக்' என்று இடிக்கும். வளைவில் வண்டி நிதானம் தவறும்.

முதலில் நிச்சயப்படுத்திக் கொள்ளுங்கள்

வண்டி நனைந்திருக்கும் நேரத்தில் சோதிக்க வேண்டாம். இரு பைப்புகளையும் துணியால் நன்றாகத் துடையுங்கள். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு கைப்பிடியைப் பத்துப் பதினைந்து முறை அழுத்தி விடுங்கள். பின்பு பைப்பைப் பாருங்கள். எண்ணெய் வளையம் தோன்றினால் சீலில் கசிவு உண்டு. பைப் காய்ந்திருந்து, பாட்டம் கேஸின் அடிப்பாகம் மட்டும் நனைந்திருந்தால், அடியிலுள்ள போல்ட்டின் செம்பு வாஷர் வழியாகக் கசிகிறது என்று அறியலாம். அதற்குச் சீலை மாற்றிப் பயனில்லை. வாஷரை மாற்ற வேண்டும்.

சீலில்தான் கசிவு என்றாலும் உடனே கழற்ற வேண்டாம். சேற்றிலும் புழுதியிலும் ஓடும் வண்டிகளில், சீலின் உதட்டுக்கும் பைப்புக்கும் இடையே மணல் துகள் ஒன்று சிக்கி நிற்பதாலேயே கசிவது உண்டு. டஸ்ட் சீலை மெதுவாக மேலே தள்ளி, அங்குள்ள அழுக்கைத் துடைத்தெடுங்கள். குளிர்பான பிளாஸ்டிக் பாட்டிலிலிருந்து ஒரு விரல் அகலத்தில் வளையக்கூடிய துண்டு ஒன்றை வெட்டி, ஒரு மூலையில் சிறு கொக்கி போல் விளிம்பு விடுங்கள். அதை எண்ணெயில் தோய்த்து, சீலுக்கும் பைப்புக்கும் இடையே நுழைத்துச் சுற்றிலும் ஒருமுறை இழுத்து வாருங்கள். துகள் கொக்கியோடு வெளியே வந்துவிடும். கம்பி, பிளேடு, திருப்புளி ஆகியவற்றை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. பின்பு துடைத்துவிட்டு இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். கசிவு நின்றால் செலவில்லாமல் முடிந்தது. நிற்காவிட்டால் சீலை மாற்றுவோம்.

கழற்றும் முறை

வண்டியைச் சமதரையில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினுக்கு அடியில் உறுதியான மரக்கட்டை கொடுத்து முன் சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்துங்கள். வண்டி ஆடக்கூடாது. பிரேக் கேபிளையும் ஸ்பீடோமீட்டர் கேபிளையும் விடுவித்து, ஆக்ஸிலை உருவிச் சக்கரத்தை எடுங்கள். டிஸ்க் பிரேக் வண்டியானால் காலிப்பரைக் கழற்றிக் கயிற்றால் கட்டித் தொங்கவிடுங்கள். அதன் எண்ணெய்க் குழாயில் பாரம் விழக்கூடாது. அந்த நேரத்தில் பிரேக் கைப்பிடியையும் அழுத்தக்கூடாது. பிறகு மட்கார்டைக் கழற்றுங்கள்.

இப்போது பலரும் அவசரப்பட்டுப் போர்க்கை உருவிவிடுகிறார்கள். அதற்கு முன் செய்ய வேண்டியவை இரண்டு. ஒன்று, பாட்டம் கேஸின் அடியிலுள்ள போல்ட்டை ஆலன் கீயால் சற்றே தளர்த்துவது. உள்ளே ஸ்பிரிங் அழுத்திக்கொண்டிருப்பதால் போல்ட்டோடு உள்பாகமும் சேர்ந்து சுற்றாது. இரண்டு, மேல் மூடி போல்ட்டையும் பைப் கவ்வியில் இருக்கும்போதே தளர்த்துவது. வெளியே எடுத்தபின் பைப்பை வைஸில் கவ்வினால் குரோம் கெடும்.

மூடியின் கீழே ஸ்பிரிங் அமுங்கி நிற்கிறது. கடைசி மரை விடும்போது மூடி எகிறும். ஆகவே கனத்த துணியால் மூடி, கையால் அழுத்திப் பிடித்தபடியே கழற்றுங்கள். முகத்தை அதன் நேர் மேலே வைக்காதீர்கள். ஸ்பிரிங்கை எடுக்கும்போது அதன் நெருக்கமான சுற்றுகள் மேலே இருந்தனவா, கீழே இருந்தனவா என்று குறித்துக் கொள்ளுங்கள்.

கீழ்க் கவ்வியின் போல்ட்டைத் தளர்த்திப் போர்க் காலைத் திருகித் திருகிக் கீழே இழுத்தால் வந்துவிடும். எண்ணெயை ஒரு பாத்திரத்தில் கவிழ்த்து, பைப்பைப் பலமுறை உள்ளும் வெளியும் இழுத்து முழுவதும் வடியுங்கள். அடி போல்ட்டை எடுத்து, டஸ்ட் சீலையும் அதன் கீழுள்ள சர்க்ளிப்பையும் நீக்கினால் பைப்பையும் பாட்டம் கேஸையும் பிரிக்கலாம். சீல் தானாக வெளிவராவிட்டால் நெம்பி எடுக்க வேண்டும். பாட்டம் கேஸ் அலுமினியம், எளிதில் கீறிவிடும். எனவே விளிம்பில் ஒரு மரத்துண்டு வைத்து, அகன்ற முனையுள்ள கருவியால் நெம்புங்கள். சில வண்டிகளில் பாகங்களின் அமைப்பு சற்று மாறலாம் என்பதால், கழற்றிய வரிசையிலேயே ஒரு செய்தித்தாளின் மேல் அடுக்கி வைப்பது நல்ல பழக்கம்.

சீல் ஏன் கெட்டது?

இவ்வுரையில் நீங்கள் மறக்கக்கூடாத பகுதி இதுவே. பழைய சீலை எடுத்தாயிற்று, புதியதைப் போடுவோம் என்று அவசரப்படாதீர்கள். காரணம் அப்படியே இருந்தால் புதுச் சீலும் சில வாரங்களில் கிழியும். கடைக்காரர் மட்டமான சரக்கைக் கொடுத்துவிட்டார் என்று அவரைக் குறை சொல்வோம். குறை பைப்பில் இருக்கும்.

பைப்பை மண்ணெண்ணெயில் துடைத்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். சீல் ஓடும் பகுதியில் நகத்தை மேலும் கீழும் ஓட்டுங்கள். நகம் எங்காவது தட்டினால் அங்கே துருக்குழியோ கீறலோ இருக்கிறது. ஒவ்வொரு பள்ளத்திலும் அந்தக் குழியின் விளிம்பு சீலின் உதட்டை அரம் போல் ராவுகிறது.

துருக்குழி ஏன் வருகிறது? வெறும் மழையால் மட்டுமல்ல. பொட்டாஷ் உரத்தில் குளோரைடு உள்ளது. மூட்டையிலிருந்து சிந்திய உரம் ஈரத்தோடு பைப்பில் ஒட்டிக் கிடந்தால் குரோம் பூச்சின் நுண்ணிய வெடிப்புகளில் இறங்கி எஃகை அரிக்கிறது. உப்பங்காற்று வீசும் கடலோர ஊர்களிலும் இதே கதைதான்.

மேடாக எழும்பிய சிறு பிசிறாக மட்டும் இருந்தால், 1000 அல்லது அதற்கு மேற்பட்ட எண்ணுள்ள வாட்டர் பேப்பரை எண்ணெயில் நனைத்து இலேசாகத் தேய்த்து மட்டப்படுத்தலாம். முரட்டு உப்புத்தாள் கூடாது. சீல் ஓடும் பகுதியில் குழிகள் பலவாக இருந்தால் பைப்பை மாற்றுவதே முறை. சீல் தொடாத மேற்பகுதியில் உள்ள துருவால் கசிவு வராது. அதற்காகச் செலவு செய்ய வேண்டாம்.

அடுத்து, பைப் நேராக இருக்கிறதா என்று பாருங்கள். தடித்த கண்ணாடிப் பலகையின் மேல் உருட்டினால், வளைவு இருக்கும் இடத்தில் வெளிச்சம் இடைவெளியாகத் தெரியும். வண்டி ஒருமுறை மோதியிருந்தால் இச்சோதனையைத் தவறாமல் செய்ய வேண்டும். வளைந்த பைப்பை நெருப்பில் காய்ச்சி நிமிர்த்துவது ஆபத்து. எஃகின் வலிமை போய்விடும்.

மூன்றாவதாக, பைப்பைப் பாட்டம் கேஸுக்குள் விட்டு ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் அதிகம் ஆடினால் உள்ளே தேய்ந்துவிட்டது என்று பொருள். ஆடும் பைப்பை எந்தச் சீலாலும் அணைத்துப் பிடிக்க முடியாது.

புதுச் சீல் பொருத்துதல்

சீலின் முகத்தில் மூன்று எண்கள் அச்சிட்டிருக்கும். உள்விட்டம், வெளிவிட்டம், கனம் ஆகியவற்றை மில்லிமீட்டரில் குறிக்கும் எண்கள் அவை. பழைய சீலைக் கடைக்குக் கொண்டு போய் மூன்றும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். ஒரு கால் மட்டும் கசிந்தாலும் இரண்டையும் மாற்றுவதே சிக்கனம். இரண்டும் ஒரே வயதுடையவை; மற்றதும் விரைவில் கசியும். செம்பு வாஷரையும் புதிதாகவே போடுங்கள்.

பாட்டம் கேஸின் உள்ளே துகள் எதுவும் இல்லாமல் மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்து, பைப்பை உள்ளே செலுத்தி அடி போல்ட்டை இறுக்குங்கள். சீலின் உதட்டிலும் வெளிவிளிம்பிலும் போர்க் ஆயிலைத் தடவுங்கள். பைப்பின் மேல் முனையின் கூர் விளிம்பு உதட்டை வெட்டிவிடும். அதனால் முனையின் மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையை எண்ணெய் தடவி மாட்டி, அதன் மேலாகச் சீலை இறக்குங்கள். மயிர் ஸ்பிரிங் உள்ள பக்கம் கீழே, எண்ணெயை நோக்கி இருக்க வேண்டும். எண்கள் அச்சிட்ட பக்கம் வழக்கமாக மேலே இருக்கும்.

சீலை அடித்து உட்காரவைக்க உங்களிடமே கருவி உண்டு. பாசனத்துக்குப் போட்டு மிஞ்சிய பி.வி.சி. பைப்பில், போர்க் பைப்பின் மேல் நுழையக்கூடியதும் சீலின் விளிம்பில் உட்காரக்கூடியதுமான அளவில் ஒரு முழத் துண்டை எடுங்கள். வெட்டிய முனை சாய்வில்லாமல் இருக்கட்டும். பழைய சீலைப் புதிய சீலின் மேல் வைத்து, பி.வி.சி. துண்டால் நேராகச் சிறு சிறு தட்டாகத் தட்டுங்கள். சர்க்ளிப் உட்காரும் காடி முழுவதும் தெரியும்வரை சீல் இறங்க வேண்டும். பழைய சீலை எடுத்துவிட்டு, சர்க்ளிப்பைக் காடியில் சுற்றிலும் உட்காரவைத்து, டஸ்ட் சீலை மாட்டுங்கள்.

எண்ணெயின் அளவு

வண்டியோடு வந்த கையேட்டில் போர்க் ஆயிலின் வகையும், ஒரு காலுக்கு எத்தனை மில்லி என்பதும் கொடுத்திருக்கும். அந்த வகையை அந்த அளவே ஊற்ற வேண்டும். "கொஞ்சம் அதிகம் இருக்கட்டும்" என்ற எண்ணம் இங்கே கெடுதல். பைப்பின் மேற்பகுதியில் உள்ள காற்றுக்கு இடம் வேண்டும். எண்ணெய் கூடினால் அந்த இடம் சுருங்கி, போர்க் அமுங்கும்போது உள் அழுத்தம் ஏறி, புதுச் சீலையே பிதுக்கிவிடும். மருந்து அளக்கும் சிரிஞ்சு ஒன்றைத் தனியாக இதற்கென வைத்துக்கொண்டு, இரு கால்களிலும் ஒரே அளவு ஊற்றுங்கள். பூச்சிமருந்து அளந்ததை எடுக்க வேண்டாம். எண்ணெய் ஊற்றியபின் பைப்பை மெதுவாகப் பலமுறை ஏற்றி இறக்கிக் காற்றை வெளியேற்றி, ஸ்பிரிங்கை விட்டு மூடுங்கள்.

திரும்ப மாட்டும்போது

இரு பைப்புகளும் கவ்வியில் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். டிரம் பிரேக் வண்டியில் பிரேக் பிளேட்டில் ஒரு காடியும், பாட்டம் கேஸில் ஒரு முனையும் இருக்கும். முனை காடிக்குள் கட்டாயம் உட்கார வேண்டும். அது உட்காராமல் ஓட்டினால், பிரேக் போட்டவுடன் பிளேட் சக்கரத்தோடு சேர்ந்து சுழன்று, சக்கரம் பூட்டிக்கொண்டு ஆளைத் தூக்கி எறியும். இந்த ஓர் இடத்தை இரண்டு முறை பாருங்கள்.

ஆக்ஸிலை முழுவதும் இறுக்குமுன் வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி முன்புறத்தைச் சில முறை அழுத்தி விடுங்கள். போர்க் தன் இயல்பான நிலையில் நின்றபின் இறுக்குங்கள். எண்ணெயில் ஊறிய பிரேக் ஷூவையும் பேடையும் நெருப்பில் வாட்டியும் பெட்ரோலில் கழுவியும் மீண்டும் போடுகிறார்கள். உள்ளே ஊறியது சூட்டில் மறுபடி வெளிவரும். புதியதையே போடுங்கள். டிரம்மில் உள்ள தூசியை வாயால் ஊதாமல் ஈரத் துணியால் துடையுங்கள். பிரேக்கைச் சரிசெய்து, ஆளில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டிச் சோதித்த பிறகே சாலைக்குச் செல்லுங்கள்.

வடித்த பழைய எண்ணெயை வாய்க்காலிலோ கிணற்றடியிலோ கொட்டாதீர்கள். கேனில் சேர்த்துப் பணிமனையில் கொடுங்கள்.

ஆலன் கீயும் சரியான ஸ்பேனர்களும் இல்லாதவர்கள் இவ்வேலையை மெக்கானிக்கிடமே விடலாம். அப்போதும் பக்கத்தில் நின்று, "பைப்பை நகத்தால் பார்த்தீர்களா? எண்ணெயை அளந்து ஊற்றினீர்களா? பிரேக் பிளேட் காடியில் உட்கார்ந்ததா?" என்ற மூன்று கேள்விகளையும் கேளுங்கள்.

வருமுன் காத்தல்

வாரம் ஒருமுறை ஈரத் துணியால் இரு பைப்புகளையும் துடைத்து, உலர்ந்தபின் எண்ணெய்த் துணியால் ஒருமுறை தடவுங்கள். உரம் ஏற்றிய நாளில் அன்று மாலையே நீர் ஊற்றிக் கழுவுங்கள். சேறு காய்ந்தபின் சுரண்டாதீர்கள். ஈரமாக இருக்கும்போதே கழுவுங்கள். அழுத்தமாகப் பீய்ச்சும் தண்ணீரைச் சீலின் மேல் நேராகக் காட்ட வேண்டாம். மணலை உள்ளே ஏற்றிவிடும். மூட்டையைப் பெட்ரோல் டாங்கின் மேல் குறுக்கே போட்டு வரப்புகளில் ஏற்றி இறக்குவதைத் தவிருங்கள்.

இங்கே சொன்ன முறை மோட்டார் சைக்கிளோடு முடிவதன்று. சேற்றுழவில் பவர் டில்லரின் ஆக்ஸில் சீல் கசிந்தாலும், ரோட்டவேட்டரின் சீல் கசிந்தாலும், சீலை மாற்றுமுன் அது உரசும் தண்டை நகத்தால் தடவிப் பாருங்கள். தண்டில் பள்ளம் விழுந்திருந்தால் எத்தனை சீல் போட்டாலும் நிற்காது.

இன்று வீட்டுக்குப் போனதும் முன் போர்க்கைத் துடைத்து, பதினைந்து முறை அழுத்திப் பாருங்கள். காய்ந்திருந்தால் மகிழ்ச்சி. ஈரமாக இருந்தால் நாளைப் பாலை வேறு வண்டியில் அனுப்பிவிட்டு, உங்கள் வண்டியை முதலில் கவனியுங்கள். சீல் ஒரு ஜோடியின் விலை சிறிது. அந்த வண்டியை நம்பி வீட்டிலிருந்து புறப்படும் உயிர் பெரிது.